பதினெட்டரை எங்கே போயிற்று?

எங்கள் இயற்பியல் மன்றத்தின் இவ்வாண்டு ஆய்வு ஆய்வுக்கூடத்தில் நடக்கவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் நடந்தது. ஆய்வுப் பொருள் ஒரு கார். வாங்கும்போது தந்த அச்சிட்ட தாளில், லிட்டருக்கு 18.5 கிலோமீட்டர் ஓடும் என்று போட்டிருந்தது. சாலையில் அது ஓடியதோ 12. நடுவே காணாமற்போன ஆறரைக் கிலோமீட்டர் எங்கே என்பதே எங்கள் கேள்வி. அது வெறும் கணக்குக் கேள்வியாக எங்களிடம் வரவில்லை. ஒருவருடைய வேலையும் நற்பெயரும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார் நெல்லை டவுனில் மொத்த வியாபாரம் செய்கிறார். வீடு பாளையங்கோட்டையில். இதையெல்லாம் எழுத அவர்கள் வீட்டில் மனமுவந்து அனுமதி தந்தார்கள். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். ஒன்பது ஆண்டுகளாக அவர்களிடம் ஓட்டுநராக இருப்பவரை நாங்களும் அண்ணாச்சி என்றே அழைப்போம். மழை நாட்களில் எங்களில் பாதிப் பேரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டவர் அவர்தாம். சென்ற ஆண்டு அவர்கள் பழைய சிறிய காரை விற்றுவிட்டு, வங்கிக் கடன் போட்டு, உயரமான புதிய கார் ஒன்றை வாங்கினார்கள். பழைய கார் லிட்டருக்கு 16 கொடுத்துவந்தது. புதிய கார் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது தாளின் கணக்கு. தந்தையார் எழுதிவைத்த நோட்டில் எந்த மாதமும் 12-ஐ ஒட்டியே வந்தது.

மாதத்துக்கு 1,200 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். 18.5 கிடைத்தால் 65 லிட்டர் போதும். 12 என்றால் 100 லிட்டர் வேண்டும். வித்தியாசம் 35 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 3,500 ரூபாய். பங்குக்குப் போவதும் ரசீது வாங்கி வருவதும் அண்ணாச்சிதான். தந்தையார் வாய்விட்டுத் திருட்டு என்று சொல்லவில்லை. "கணக்கு இடிக்குதே" என்றுதான் சொன்னாராம். அண்ணாச்சி, "வண்டிதான் குடிக்குது முதலாளி" என்றாராம். அதற்குமேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாத முடிவில் கணக்கை முடித்துக்கொள்வது என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது தோழி வகுப்பில் வந்து அழுதாள்.

விவரம் கேட்டறிந்த எங்கள் இயற்பியல் ஆசிரியை சிஸ்டர், ஆறுதல் சொல்லவில்லை. "அளந்து பார்த்தீர்களா, பிள்ளைகளா?" என்று மட்டும் கேட்டார். ஆய்வு அங்கே தொடங்கியது.

அளப்பது எளிது என்று நினைத்தோம். இல்லை. காரின் முன்பலகையில் எரியும் எண்ணைப் பார்த்து எழுதினால் போதாதா என்று ஒருத்தி கேட்டாள். அந்த எண் பெட்ரோலை நேராக அளந்து வருவதன்று. எஞ்சினுக்குள் தெளிக்கப்படும் பெட்ரோல் எவ்வளவு இருக்கும் என்று காரின் கணிப்பொறி போடும் கணக்கு அது. பெரும்பாலும் உள்ளதைவிடச் சற்று இனிப்பாகவே காட்டும். ஆகவே பழைய முறையையே எடுத்துக்கொண்டோம். தொட்டியை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுவே செலவு. ஓடிய தூரத்தை அந்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

இதிலும் கண்ணிகள் உண்டு. தொட்டி நிரம்பியதும் குழாய் தானாக 'டக்' என்று நிற்கும். அதற்குப் பிறகு ஒருவர் விளிம்பு வரை விடச் சொல்வார், மற்றவர் அதோடு நிறுத்துவார். இந்தச் சில்லறையிலேயே அரை லிட்டர் ஏறி இறங்கிவிடும். ஆகவே ஒரே பங்க், ஒரே குழாய், முதல் 'டக்'கோடு நிறுத்தம் என்று விதி செய்துகொண்டோம். 25 லிட்டர் நிரப்பும்போது அரை லிட்டர்ப் பிழை என்பது 2 சதவீதம். 5 லிட்டர் மட்டும் நிரப்பினால் அதே அரை லிட்டர் 10 சதவீதப் பிழையாகிவிடும். நூறு ரூபாய்க்குப் போட்டு மைலேஜ் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பங்க் குழாயே குறைவாக அளந்தால்? பங்குகளில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் ஒன்று வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். சீருடையோடு நாங்கள் ஐவர் போய்க் கேட்டபோது பங்கில் இருந்தவர் முதலில் சிரித்தார். பிறகு பாத்திரத்தைக் கொண்டுவந்து பிடித்துக் காட்டினார். கோட்டில் சரியாக நின்றது.

தூரம் காட்டும் மீட்டரையும் சும்மா விடவில்லை. நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர்க் கற்கள் 40-ஐ எண்ணிக்கொண்டே போனோம். மீட்டர் 40.8 காட்டியது. அதாவது 2 சதவீதம் கூடுதல். இனி வரும் தூரங்களெல்லாம் மீட்டர் காட்டியவையே; உண்மைத் தூரம் ஒவ்வொன்றிலும் இதைவிடச் சற்றுக் குறைவு என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க.

முதல் வாரம் அண்ணாச்சி வழக்கம்போல் ஓட்டினார்: 312 கிலோமீட்டர், 25.4 லிட்டர், அதாவது 12.3. இது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. நாம் அளக்கிறோம் என்று தெரிந்த வாரத்தில் யாரும் ஒழுங்காகத்தானே இருப்பார்கள்? இதை எடுத்துச் சொன்னவள் தோழியேதான். சொல்லும்போது அவள் குரல் கம்மியது. எனவே இரண்டாம் வாரம் சாவி தந்தையாரிடம் போயிற்று. அவரே ஓட்டினார், அவரே நிரப்பினார். அண்ணாச்சி கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். அதே வீடு, அதே கடை, அதே பள்ளிக்கூடம். 287 கிலோமீட்டர், 25.1 லிட்டர். 11.4!

வேறொருவர் கை படாத வாரத்திலும் கார் அவ்வளவே கொடுத்தது. சற்றுக் குறைவாகவே கொடுத்தது. தந்தையார் எங்கள் நோட்டை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். நாங்கள் கொஞ்சம் துள்ளினோம் என்பது உண்மை. ஆனால் சிஸ்டர் அடக்கிவிட்டார். இரண்டு வாரங்களின் போக்குவரத்தும் ஒன்றல்ல. ஆகவே முதலாளி மோசமாக ஓட்டுகிறார் என்று சொல்ல இந்தக் கணக்கு போதாது. பெட்ரோல் வெளியே போகவில்லை என்று சொல்ல மட்டும் போதும் என்றார்.

அப்படியானால் 18.5 பொய்யா? அதுவும் இல்லை. இங்கேதான் நாங்கள் அதிகம் படித்தோம்.

அச்சிட்ட தாளின் எண் சாலையில் எடுத்ததன்று. புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற அங்கீகாரம் பெற்ற கூடங்களில், சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி, காரை நின்ற இடத்திலேயே ஓட வைத்து எடுக்கிறார்கள். எந்த வினாடியில் எந்த வேகம் என்பது முன்பே வகுக்கப்பட்ட அட்டவணை. இந்தியாவின் அட்டவணை ஐரோப்பாவின் பழைய அட்டவணையைத் தழுவியது. உச்ச வேகத்தை மட்டும் 90 ஆகக் குறைத்துக்கொண்டார்கள். மொத்தம் 1,180 வினாடி. இருபது நிமிடத்துக்கு ஒரு கணம் குறைவு. தூரம் 11 கிலோமீட்டருக்குள். குளிர்சாதனம் ஓடாது. எதிர்காற்றும் மேடு பள்ளமும் இல்லை, குறுக்கே மாடும் வராது.

அதிலும் நிற்பதும் புறப்படுவதும் உண்டு. ஆனால் எப்படிப் புறப்படுகிறது தெரியுமா? நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 வினாடி எடுத்துக்கொள்கிறது. வண்ணார்பேட்டை சிக்னலில் பச்சை விழுந்ததும் அப்படிப் புறப்பட்டுப் பாருங்கள். பின்னால் நிற்கும் டவுன் பஸ்ஸின் ஹாரன் காதைப் பிளந்துவிடும்.

இந்தச் சோதனையால் பயன் இல்லை என்று எண்ண வேண்டாம். எல்லாக் கார்களும் ஒரே வினாத்தாளை எழுதுகின்றன. ஆகவே இந்தக் காரையும் அந்தக் காரையும் ஒப்பிட அந்த மதிப்பெண் உதவும். ஆனால் உங்கள் ஊரில், உங்கள் மாதச் செலவைச் சொல்ல அது ஏற்பட்டதன்று. மற்ற நாடுகளும் இதே சங்கடத்தைப் பார்த்தவையே. அமெரிக்காவில் சோதனைக்கூட எண்ணைச் சாலையில் யாரும் எட்ட முடியாமல் புகார் பெருகியதால், 1985-ஆம் ஆண்டு முதல் நகர எண்ணில் 10 சதவீதமும் நெடுஞ்சாலை எண்ணில் 22 சதவீதமும் குறைத்தே அச்சிட்டார்கள். 2008-இல் அதிவேகம், குளிர்சாதனம், கடுங்குளிர் ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சோதனைகளைச் சேர்த்தார்கள். ஐரோப்பாவும் 2017-இல் பழைய அட்டவணையைக் கைவிட்டு, நீண்டதும் வேகமானதுமான வேறொன்றுக்கு மாறத் தொடங்கியது.

நிற்க. பழைய கார் 16 கொடுத்த அதே தெருக்களில் புதியது ஏன் 12 கொடுக்கிறது? இதற்குக் காரின் உடம்பையே பார்க்க வேண்டும்.

நம் சாலைகளில் இன்று பெருகிவிட்ட இவ்வகைக் கார்களைச் சிறிய எஸ்.யு.வி. என்கிறோம். இவற்றில் பல நான்கு மீட்டருக்கு ஓர் அங்குலம் கூட மிஞ்சாமல் இருப்பது ஏன் என்று யோசித்ததுண்டா? 2006-ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கையில் 4 மீட்டருக்குட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டே பெரிய காரின் தோற்றம் வேண்டும் என்றால் வளர ஒரே திசைதான் இருக்கிறது: மேலே. நம் மறைமலைநகரில் உருவாகி 2013-இல் வெளிவந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இந்த மோகத்தை வளர்த்த கார்களுள் ஒன்று. பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் இவ்வகைக் கார்கள் வந்தன.

உயரம் கூடினால் காற்று மோதும் முகப்பு கூடுகிறது. எடை கூடுகிறது. டயரும் அகலமாகிறது. எடைக்குத் தர வேண்டிய விலையை நகரம் வசூலிக்கிறது. முகப்புக்குத் தர வேண்டியதை நெடுஞ்சாலை வசூலிக்கிறது.

நகரத்தை முதலில் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்துக் கார் 1,200 கிலோ என்று கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 74,000 ஜூல். பதினோராம் வகுப்பு மாணவி எவளும் இதைப் போட்டுப் பார்க்கலாம். பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது இவ்வளவும் பிரேக் தட்டுகளில் வெப்பமாகி, காற்றோடு போய்விடும். மறுபடி அந்த வேகத்துக்கு வர மறுபடி கொடுக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் நகர ஓட்டத்தில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே சக்கரத்துக்குத் தருகிறது. ஒரு மில்லிலிட்டர் பெட்ரோலில் உள்ளது சுமார் 32,000 ஜூல். வகுத்துப் பார்த்தால், 40-இல் வந்து நின்று மறுபடி 40-ஐ எட்டும் ஒவ்வொரு முறையும் 12 மில்லிலிட்டர், குழந்தைக்கு மருந்து புகட்டும் சிறு பாலாடை அளவு பெட்ரோல், போகிறது. ஒரு நாளைக்கு 40 முறை நின்றால் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

வேகம் 60 ஆனால் 12 என்பது 18 ஆகாது, 26 ஆகும். வேகத்தின் இருமடி அல்லவா? இரண்டு சிக்னல்களுக்கு இடையே 60 வரை விரட்டி, பிறகு பிரேக்கில் சாய்வது தந்தையாரின் பழக்கம் என்பதைத் தோழி எங்கள் காதில் மட்டும் சொன்னாள். இப்போது அவருக்கும் தெரியும் என்பதால் எழுதுகிறோம். அண்ணாச்சியோ முருகன்குறிச்சியில் சிகப்பு விளக்கைத் தூரத்தில் கண்டாலே காலை எடுத்துவிடுவார். கார் தானாக ஊர்ந்து போய்ச் சேரும்போது பெரும்பாலும் பச்சை விழுந்திருக்கும்.

அண்ணாச்சியிடமும் ஒரு பழைய நம்பிக்கை இருந்தது. பாலத்து இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினால் பெட்ரோல் மிச்சம் என்பார். கார்புரேட்டர் காலத்து வழக்கம் அது. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டு போகும். நியூட்ரலில் தள்ளினால்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் கேட்கும். தவிர, இறக்கத்தில் கார் பிடியில் இல்லாமல் ஓடுவது ஆபத்து. இதைக் கேட்டு, "இருபது வருசமா ஓட்டுதேன், எவனும் சொல்லலையே" என்றார்.

நின்றுகொண்டே ஓடும் எஞ்சினுக்கு வருவோம். இந்தப் பகுதியைப் பெற்றோர்கள் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம். ஓர் இடத்தில் நிற்கும் சிறிய பெட்ரோல் எஞ்சின் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். குளிர்சாதனமும் ஓடினால் ஒரு லிட்டரை ஒட்டி வரும். அப்போது ஓடிய தூரம் சுழி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் விடையும் சுழியே.

தோழியின் தம்பி எங்கள் பள்ளியின் மழலையர் பிரிவில் படிக்கிறான். அவனுக்கு மூன்றரை மணிக்கு வகுப்பு முடியும், அவளுக்கு நான்கேகாலுக்கு. இந்த முக்கால் மணி நேரமும் அம்மாவும் தம்பியும் பள்ளி வாசலில், வேப்ப மரத்தடியில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக் காருக்குள் உட்கார்ந்திருப்பார்கள். மாதத்தில் 22 நாள் என்றால் பதினாறரை மணி நேரம். பதினாறு லிட்டர்! காணாமற்போன முப்பத்தைந்தில் கிட்டத்தட்டப் பாதி, வாயில்காவலர் கண்ணெதிரே, நடுப்பகலில் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. தோழி, "அண்ணாச்சி எங்களுக்காகத்தான் ஏசி போடுவார்; அவர் வெளியே மரத்தடியில்தான் நிற்பார்" என்றாள்.

மற்றபடி சிறு திருடர்களும் உண்டு. டயரில் 33 பவுண்டு காற்று வேண்டும் என்று ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருந்தது. இரண்டு டயர்களில் 26-தான் இருந்தது. சரி செய்தோம். பெரிய லாபம் வரும் என்று எதிர்பார்த்தோம். கணக்குப் போட்டால் ஒரு சதவீதம்கூடத் தேறாது. டயரின் ஆயுளுக்கும் பிரேக்கின் பிடிக்கும் அது அவசியம் என்பது வேறு. பெட்ரோலில் எத்தனால் கலப்பதும் கணக்கில் வரும். 2025-இல் நம் நாடு 20 சதவீதக் கலப்பை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் அதே அளவு பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கலந்த ஒரு லிட்டரில் ஏறத்தாழ 6 அல்லது 7 சதவீதம் ஆற்றல் குறைவு. அதனாலேயே மைலேஜ் பாதியாகிவிட்டது என்று சிலர் சொல்வது மிகை.

இனி நெடுஞ்சாலை. ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தோழியின் தந்தையார், அண்ணாச்சி, தோழி, எங்களில் ஒருத்தி ஆக நால்வர் நாகர்கோவிலுக்குப் போய் வந்தார்கள். வேகம் 80-ஐத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. முன்பு சொன்ன கற்களை எண்ணியதும் இந்தப் பயணத்தில்தான்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக வளரும். இவ்வகை உயரமான காருக்கு 80-இல் அது சுமார் 270 நியூட்டன்; 100-இல் 420; 120-இல் 600. டயர் உருள்வதற்கான எதிர்ப்போ எந்த வேகத்திலும் 140-ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே 80-இல் போவதைவிட 120-இல் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 80 சதவீதம் அதிக வேலை. நாகர்கோவிலுக்கு 120-இல் பறந்தால் மிச்சமாவது இருபது நிமிடம்.

நாங்குநேரி, வள்ளியூர் வரை எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் திரும்பியதும் கார் ஒரு பக்கம் தள்ளாடியது. அங்கே முப்பந்தலில் ஏன் அத்தனை காற்றாலைகளை நட்டார்கள் என்று கேட்பவர்கள் ஆனி, ஆடி மாதத்தில் ஒருமுறை அந்த வழியே போய்ப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வருகிறது. போகும்போது அது எதிர்காற்று. திரும்பும்போது முதுகுக் காற்று. முன்பலகை போகும்போது 14.8 என்றும், திரும்பும்போது 20.6 என்றும் காட்டியது.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிட்டோம் என்று நினைத்தோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எதிர்காற்று 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், 80-இல் போகும் காருக்கு அது 110-இல் போவது போன்றது. எதிர்ப்பு சுமார் 500 நியூட்டன். முதுகுக் காற்றானால் 50-இல் போவது போன்றது, சுமார் 100. இரண்டின் சராசரி 300. காற்றில்லாத நாளின் 270-ஐவிட அதிகம். காற்று வாங்கிய கடனை முழுவதும் திருப்பித் தருவதில்லை.

இன்னொரு தவறும் செய்தோம். 14.8-ஐயும் 20.6-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்துச் சராசரி 17.7 என்று எழுதினோம். சிஸ்டர் சிவப்பு மையால் அடித்தார். போக 81 கிலோமீட்டர், வர 81. போகும்போது 5.47 லிட்டர், வரும்போது 3.93; ஆக 9.40 லிட்டர். 162-ஐ இதனால் வகுத்தால் 17.2. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அளவைக் கூட்டிச் சராசரி பார்க்கக்கூடாது. லிட்டர்களைக் கூட்ட வேண்டும். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதும் ஐரோப்பிய வழக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. அந்த வழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. ஆனால் 'எவ்வளவு கொடுக்கும்?' என்று கேட்டே பழகிவிட்ட நம் ஊரில் 'எவ்வளவு குடிக்கும்?' என்று கேட்க வைப்பது கடினம்.

பங்கில் வந்து நிரப்பியபோது பிடித்தது 9.9 லிட்டர். அதாவது 16.4. முன்பலகை சொன்னதைவிடக் குறைவு. நகரத்தில் கிடைத்ததைவிட நான்கு கிலோமீட்டர் அதிகம். நிரப்பிய அளவு சிறியதாகையால் பிழைக்கு இடம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே காரும் அதே அண்ணாச்சியும் என்பதில் பிழை இல்லை.

இந்தக் கணக்குகளை ஒரு பெரிய அட்டையில் எழுதி, ஆகஸ்ட்டில் நடந்த பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைத்தோம். தந்தையார் வந்து கடைசி வரி வரை நின்று படித்தார். ஏசிக் கணக்கின் முன்னால் அதிக நேரம் நின்றார். அண்ணாச்சியிடம் அவர் என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை; கேட்பது முறையும் அல்ல. மறுநாள் முதல் தம்பி மூன்றரையிலிருந்து நான்கேகால் வரை மழலையர் பிரிவின் தாழ்வாரத்தில், மின்விசிறியின் கீழ், வண்ணக் கட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறான். பொறுப்புச் சிஸ்டர் இடம் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னும் ஆறு குழந்தைகள் அங்கே சேர்ந்திருக்கிறார்கள். வேப்ப மரத்தடியில் கார்கள் குறைந்திருக்கின்றன.

மைலேஜ் நோட்டு இப்போது காருக்குள்ளேயே இருக்கிறது. அண்ணாச்சியே எழுதுகிறார். யார் ஓட்டினார்கள் என்பதற்குத் தனியாக ஒரு பத்தி போட்டிருக்கிறார். அது அவராகவே செய்தது. சென்ற மாதத்துக் கடைசி வரி: 13.9.

– இயற்பியல் மன்ற மாணவியர், பதினோராம் வகுப்பு